அக்கா செத்த வீடு விற்பனைக்கு!

அக்டோபர் 9, வியாழக்கிழமை. காலை பத்து மணி நாற்பது நிமிடம். விட்டு விட்டுத் தூறல்.

தான் செத்துப்போன செய்தி டாக்டருக்கு அப்போதுதான் தெரிந்தது.

சொன்னவன் எதிரே நின்றிருந்தான். துக்கம் விசாரிக்க வந்தவனைப் போன்ற முகம். அதற்கேற்ற குரல். விரலில் ஒரு பெரிய சாவிக்கொத்து.

"மறைச்சு விக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது மேடம். அதனால சொல்லிடறேன்... இந்த ரூம்லதான் அந்தம்மா செத்தாங்க."

"எந்தம்மா?"

"ஓனரோட அக்கா."

ஓனருக்கு ஒரே ஓர் அக்காதான் உண்டு.

அவள் ஈரக் குடையைக் கையில் பிடித்தபடி அவன் எதிரிலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்!

"எப்படி?" என்றாள். குரல் நடுங்கவில்லை. அறுவைச் சிகிச்சை மேசையில் நோயாளியின் நாடி தடுமாறும்போது குரலை உயர்த்துகிற மயக்க மருந்து டாக்டர், அந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. அவள் அந்தத் தொழிலில் தலைநரைத்தவள்.

"ஊசி மேடம். அவங்களே டாக்டர்தான். ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போடறவங்க. ஊருக்கெல்லாம் போட்ட ஊசியை ஏப்ரல் மாசம் தனக்கே போட்டுக்கிட்டாங்க. கதவைச் சாத்திக்கிட்டு... இதோ, இந்த மூலையில."

அந்த மூலையில்தான் அவளுடைய படிப்பு மேசை கிடந்தது. ஒரு காலத்தில்.

"இடது கைக்காரங்களாம். அதனால ஊசி வலது கையில குத்தி இருந்துச்சு. மூணு நாள் யாருக்குமே தெரியல, பாவம்."

குடை அவளுடைய இடது கையில் இருந்தது.

சத்தமில்லாமல் வலது கைக்கு மாற்றினாள்.

புரோக்கர் அதைக் கவனிக்கவில்லை. சுவரில் வெளுத்திருந்த ஒரு சதுரத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அவங்க போட்டோ மாட்டியிருந்த இடம் அது. பார்க்கப் பார்க்கத் தம்பிக்கு மனசு தாங்கல. கழட்டிட்டாரு."

அங்கே மாட்டியிருந்தது காலண்டர்!

"ஏன்ப்பா, இதை வாசல்லயே சொல்லியிருக்கலாமே? நல்ல தண்ணி வரும், சுவர்ல விரிசல் இல்ல, கார் நிறுத்த இடம் இருக்கு, உள்ள ஒரு சாவு இருக்குன்னு?"

"வாசல்ல சொன்னா யாரு மேடம் உள்ள வருவாங்க?"

"உள்ள வந்தப்புறம் சொன்னா வாங்கிடறாங்களா?"

"எங்க மேடம்... ஓடிடறாங்க."

"அப்போ எதுக்குச் சொல்றே?"

சாவிக்கொத்து ஒரு கணம் குலுங்காமல் நின்றது.

"மனசாட்சி மேடம்!"

அவளுடைய உள்ளங்கைக்குள் குடையின் பிடி நெரிந்தது. அந்தப் பிடியின் இடத்தில் அவன் கழுத்து இருந்திருக்கலாம் என்று ஒரு டாக்டர் நினைக்கக் கூடாது.

நினைத்தாள்.

"வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்" என்றாள்.

எட்டு மாதமாக அவளைக் கொன்றுகொண்டிருந்த வாக்கியம் அது. இன்று அவளே சொல்லிவிட்டாள்.

---

எட்டு மாதங்கள்!

பெற்றோர் போன பிறகு வீடு அக்காவுக்கும் தம்பிக்கும் சரிபாதியாக வந்தது. அவள் வேலை பார்த்த மருத்துவமனை வேறு ஊரில் இருந்தது. தம்பி இங்கேயே இருந்தான். விற்றுவிடலாம் என்று இருவரும் பேசி முடித்தார்கள். தம்பிதான் புரோக்கரைப் பிடித்தான்.

அந்தப் புரோக்கரிடம் ஒரு சட்டம் இருந்தது. விற்கிறவர் பக்கத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் பேசுவான். வீடு பார்க்க ஆள் வரும்போது சொந்தக்காரர் யாரும் வீட்டில் இருக்கக் கூடாது. வாங்குகிறவரும் விற்கிறவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவே கூடாது.

"பேசினா காரியம் கெட்டுடும்க்கா. தொழில் அப்படி" என்று தம்பி விளக்கினான்.

காரியம் கெடாமலே கெட்டது. முதல் இரண்டு மாதம் வந்தவர்கள் வழக்கமான குறைகளைச் சொன்னார்கள். சமையலறை சின்னது. குளியலறை பெரியது. ஏன் விற்கிறார்கள்? மழைக்கு ஒழுகுமா? வெயிலுக்கு ஒழுகுமா? ஒருவர் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, மூடாமல் போனார்.

அவர்களையாவது சகித்துக்கொள்ளலாம். ஏப்ரலுக்குப் பிறகு வந்தவர்கள் குறையே சொல்லவில்லை. மகிழ்ச்சியாக உள்ளே போனார்கள். முகம் வெளுத்து வெளியே வந்தார்கள். 'வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்.' அவ்வளவுதான். அதன் பிறகு போனை எடுப்பதில்லை.

கடைசியில் ஒரே ஓர் ஆள் தேறினார். வெளியூர்ப் பெரிய மனிதராம். நியாயமான விலையில் பாதிக்குக் கேட்கிறாராம்.

"ஒத்துக்கலாம்க்கா. இதை விட்டா ஆளே இல்ல" என்றான் தம்பி. ஒரு முறை இல்லை, வாரந்தோறும்.

"நான் முடிவு பண்ணிட்டேன்டா. கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தர்றேன்" என்று முந்தைய நாள் அவள் சொல்லியிருந்தாள்.

அந்த முடிவு, ஒரு பழுப்புக் கவருக்குள், இப்போது அவளுடைய கைப்பையில் இருந்தது.

ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகும் ஒரு கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. நல்ல வீட்டைப் பார்த்து ஏன் எல்லாரும் ஓடுகிறார்கள்? விடை தேட ஒரே வழிதான் இருந்தது. மருத்துவமனை போனிலிருந்து புரோக்கரைக் கூப்பிட்டாள். 'பேங்க்ல வேலை பார்க்கறேன். வீடு பார்க்கணும்' என்றாள்.

சொந்த வீட்டை வாங்க வந்து, சொந்தச் சாவைக் கேட்டுத் திரும்பினாள்!

தெருமுனையில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து தம்பிக்குப் போன் செய்தாள்.

"அக்கா! கிளம்பிட்டியா?"

"வழியில இருக்கேன்டா. ஒண்ணு கேக்கணும். வீடு பார்க்க வர்றவங்க ஏன்டா எல்லாரும் ஓடிடறாங்க?"

மறுமுனையில் ஒரு மூச்சு இடைவெளி.

"அதான் எனக்கும் புரியலக்கா. மார்க்கெட்டே படுத்துக் கிடக்கு. நீ கவரைக் கொண்டு வர்ற இல்ல?"

"கொண்டு வர்றேன்."

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்பாடா!"

அந்த 'அப்பாடா' அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் இடது கைக்காரி என்பது அந்தப் புரோக்கருக்கு எப்படித் தெரியும்? அவன் அவளைப் பார்த்ததே இல்லை. பேசியதும் இல்லை.

அவனாக விசாரித்திருப்பான். பக்கத்து வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். தம்பிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தம்பியும் ஏமாந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

இருக்க வேண்டும்... இருக்க வேண்டும்!

காரைக் கிளப்பி, காவல் நிலையத்தின் முன் நிறுத்தினாள்.

---

"என்ன புகார்?" என்றார் இன்ஸ்பெக்டர். கண்ணாடி மூக்கின் நுனியில் இருந்தது.

"ஒரு சாவு சார். ஆறு மாசமாகியும் யாரும் போலீசுக்குச் சொல்லல."

பேனா திறந்தது.

"செத்தது யாரு?"

"நான்."

பேனா மூடியது.

"உக்காருங்கம்மா."

"நான் குடிக்கல சார். பைத்தியமும் இல்ல. டாக்டர்."

"டாக்டருங்க பைத்தியமாகக் கூடாதுன்னு சட்டம் இல்லீங்களே. சரி, எந்த வீடு?"

அடையாளம் சொல்ல அந்தப் பக்கத்தில் கோயிலோ பார்க்கோ இல்லை. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. அதனால் வீட்டையே வர்ணித்தாள். "பச்சைக் கேட்டு. வாசல்ல ரெண்டு படி. மாடிப்படிக்குக் கீழ மர அலமாரி. பின்னாடி ஒரு சந்து—"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கிச்சன் ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டு வேப்பமரம் கைக்கு எட்டுமே... அந்த வீடா?"

"உங்களுக்கு எப்படி...?"

"நானும் பார்த்தேன்மா அந்த வீட்டை!" மேசையில் அறைந்தார். டம்ளர் துள்ளியது. "ஜூலை மாசம். என் சம்சாரத்துக்கு அவ்வளவு புடிச்சுது. ஜன்னல் திரைக்கு அளவே எடுத்துட்டா. அப்பதான் அந்த சாவிக்கொத்து பக்கத்துல வந்து காதைக் கடிச்சான். பின் ரூம்ல ஓனரோட அக்கா செத்தாங்கன்னு!"

"உங்களுக்கு என்ன சொன்னான் சார்? ஊசியா?"

"ஊசியா? தூக்கு!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒருத்தியை எத்தனை தடவைதான் சார் கொல்லுவான்?" என்றாள். முதல் முறையாகக் குரல் உடைந்தது. அழுகையால் அன்று, ஆத்திரத்தால்! "ஒரு சாவையாவது என்னை ஒழுங்கா சாக விட்டானா?"

"கோபப்படாதீங்க டாக்டர்."

"நீங்க மட்டும் மேசையை அடிக்கலாமா?"

இன்ஸ்பெக்டர் கையை மேசையிலிருந்து எடுத்தார்.

"நீங்க போலீஸ்னு தெரிஞ்சுமா அப்படிச் சொன்னான்?"

"வீடு பார்க்கப் போறப்போ போலீஸ்னு சொன்னா ஒருத்தனும் விலை சொல்ல மாட்டான். பேங்க்ல வேலைன்னு சொன்னேன்."

"நானும் அதையேதான் சொன்னேன்."

"அந்த பேங்க் நல்லா நடக்கட்டும்."

"ஸ்டேஷன்ல தேடிப் பார்க்கலையா சார்? இப்படி ஒரு சாவு பதிவாகி இருக்கான்னு?"

இன்ஸ்பெக்டர் கழற்றிய கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் மே மாசம்தான் மாத்தலாகி வந்தேன். எனக்கு முந்தி நடந்ததுன்னு விட்டுட்டேன். பார்த்திருக்கணும். அன்னைக்கு என் சம்சாரம் அழுத அழுகையில அந்த வீட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு." தொண்டையைச் செருமினார். "சரி, அவன் பொய் சொன்னான்னு புகார் எழுதினா, 'யாரோ சொன்னதைக் கேட்டுச் சொன்னேன்'னு நழுவிடுவான். பொய்ங்கறது அவன் வாயால வரணும்."

"வரும் சார். நான் செத்துட்டேன்னு அவன் பத்துப் பேர்கிட்ட சொல்லியிருக்கான். சாவை மறைச்ச கேஸ்னு நீங்க போய் நின்னா, நான் உசுரோட இருக்கேன்னு அவனே சத்தியம் பண்ணுவான்."

இன்ஸ்பெக்டர் அவளைப் புது மரியாதையுடன் பார்த்தார்.

"உங்க தம்பி?"

"அவனும் அங்க இருப்பான். நாலு மணிக்கு."

"அவருக்கு இது தெரியுமா?"

அவள் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டாள்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் சார் நான் செத்த இடத்துக்கே திரும்பப் போறேன்."

---

பின்சந்துக் கதவின் சாவி அவளிடம் எப்போதும் இருந்தது. சிறுவயதில் சினிமாவுக்குப் போய்த் திரும்பிய இருவருக்கும் அந்தக் கதவுதான் துணை. அப்பாவுக்குத் தெரியாமல் முன்கூட்டியே தாழ்ப்பாளைத் திறந்துவைப்பது தம்பியின் வேலை. சத்தம் வராமல் மூடுவது அவள் வேலை.

இன்றும் சத்தம் வரவில்லை.

பின் அறைக்குள் நின்று கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"...காலையில கூட ஒரு அம்மா வந்துச்சு சார். பேங்க்காம். சொன்னதும் ஆடிப்போயிடுச்சு" என்றது சாவிக்கொத்து.

தம்பி என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது.

யாருடைய சிரிப்பு அது?

காதைக் கதவில் வைத்தாள். அதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம்.

"யாருங்க ஓனர்?"

"நான்தான் சார்..." தம்பியின் குரல். "என்ன விஷயம்?"

"ஒரு பொம்பளை இந்த வீட்டுல செத்துப்போச்சுன்னு தகவல். ஸ்டேஷனுக்கு யாரும் சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போகல. பிணம் எங்க?"



சாவிக்கொத்து தரையில் விழுந்தது. சத்தம் வீடு முழுக்கத் தெறித்தது.

"பி... பிணமா சார்?"

"ஏய்யா, என்னை அடையாளம் தெரியல? ஜூலை மாசம். பேங்க்காரர். இந்த யூனிஃபார்மை மட்டும் கழட்டிட்டுப் பாரு."

"ஐயோ! சார்!"

"அந்த ரூம்ல ஒரு அம்மா தூக்குல தொங்கினாங்கன்னு நீதானே சொன்னே? கயிறு எங்க? பிணத்தை எங்க கொண்டுபோனீங்க? எரிச்சீங்களா, புதைச்சீங்களா?"

"சும்மா சொன்னேன் சார்! அப்படி யாரும் சாகல!"

"சாகாமலா ஊரெல்லாம் சாவு சொல்லிட்டுத் திரியறே? போலீஸ்காரனைப் பார்த்ததும் செத்தவங்க எந்திரிச்சிடுவாங்களா? இன்னைக்குக் காலையில வேற ஒருத்தர்கிட்ட ஊசின்னு சொல்லியிருக்கே. எனக்குத் தூக்கு, அவங்களுக்கு ஊசி. எதுய்யா நிஜம்?"

அப்போதுதான் அது நடந்தது.

தம்பி வெடித்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்து அன்று, புரோக்கரைப் பார்த்து!

"ஊசின்னு ஒரே கதையைச் சொல்லுய்யான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஆளுக்கொரு சாவு சொல்லி வச்சிருக்கியே, முட்டாள்!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது.

கதவுக்குப் பின்னால் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

இடது கை. வலது கையில் ஊசி. மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை...

அந்தக் கதையை எழுதியவனுக்கு அவள்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். சிலேட்டில், கையைப் பிடித்து.

"அப்படிப் போடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "அப்போ கொன்னது நீங்க. சாவு சொன்னது இவன்."

"இல்ல சார்! எங்க அக்கா உசுரோட இருக்கா! சத்தியமா இருக்கா! இப்ப நாலு மணிக்கு இங்க வருவா!"

"மணி நாலேகால்."

"வழியில இருப்பா சார்! போன் பண்றேன்... இப்பவே பண்றேன்!"

"பண்ணுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

பட்டன்கள் அழுத்தப்படும் சத்தம். தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தி...

மணி அடித்தது.

கூடத்தில் இல்லை. வாசலில் இல்லை.

அவள் செத்துப்போன அறைக்குள்!

"ஐயோ! அம்மா!" என்று ஓர் அலறல். புரோக்கர்தான். பொய்யான பேய்களை விற்றவனுக்கு உண்மையான மணியோசையைத் தாங்க முடியவில்லை.

கதவு திறந்தது.

இடது கையில் போனைப் பிடித்தபடி அக்கா வெளியே வந்தாள்.

"சொல்லுடா தம்பி. எதுக்குக் கூப்பிட்டே?"

---

முதலில் வாய் திறந்தவன் புரோக்கர்.

"பேங்க் மேடம்! நீங்களா... நீங்கதானா அது..."

"ஆமாப்பா. உன் மனசாட்சியை நேர்ல பார்த்தவ."

"சார், எனக்கு ஒண்ணும் தெரியாது! எல்லாம் இவரு ஏற்பாடு! விலை எறங்கணும்னா சாவு சொல்லுன்னாரு. பாதி விலைக்கு வாங்கறதே இவருதான் சார்! பேர் மட்டும்தான் என் மச்சான் பேரு! அப்புறம் ஒரு பில்டருக்கு முழு விலைக்குக் கொடுக்கறதா பேச்சு!"

"வாயை மூடுய்யா!" என்றான் தம்பி.

"நான் ஏன் சார் மூடணும்? நீங்கதானே எனக்கு ரெண்டு பக்கமும் கமிஷன் தர்றேன்னீங்க!"

"ரெண்டு பக்கமும் ஒரே ஆளு" என்றார் இன்ஸ்பெக்டர். "கணக்கு நல்லா இருக்கு. ஏன்யா, செத்தது அக்கான்னு எதுக்குச் சொன்னே? வேற யாரையாவது சொல்லக் கூடாது?"

"நான் இவங்க அப்பாவைச் சொல்லலாம்னுதான் சார் சொன்னேன்! இவருதான் வேண்டாம்னுட்டாரு!"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டா?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"அப்பாவைச் சொல்ல... மனசு வரல."

"என்னைச் சொல்ல வந்துச்சு."



"ஆறு மாசமா வாரத்துக்கு ஒரு தடவை என்னைக் கொன்னுட்டு, ராத்திரி போன் பண்ணி 'சாப்பிட்டியாக்கா'ன்னு கேட்டியே! எப்படிடா முடிஞ்சுது?"

தம்பியின் முகம் நிமிர்ந்தது. அதில் வெட்கம் இல்லை. பழைய கோபம் ஒன்று இருந்தது.

"நீ பேசாதக்கா! நீ இந்த வீட்டுல இருந்தியா? அப்பா படுத்த படுக்கையா கிடந்தப்போ குளிப்பாட்டினது யாரு? அம்மா ராத்திரியெல்லாம் கத்தினப்போ முழிச்சுக்கிட்டு உக்காந்தது யாரு? நீ மாசத்துக்கு ஒரு தடவை வந்தே. நாடி பார்த்தே. மருந்தை மாத்தி எழுதினே. காரேறிப் போயிட்டே! கடைசியில உனக்கும் பாதி, எனக்கும் பாதி! இதுதான் நியாயமா? என்னைப் பொறுத்தவரைக்கும் நீ இந்த வீட்டுல எப்பவோ செத்துப்போனவதான்!"

அவள் அடிபட்டவளைப் போல நின்றாள்.

சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை அவள் அறிவாள். அதனால்தான் கோபம் இன்னும் கொதித்தது.

"இதை என்கிட்ட சொன்னியாடா? ஒரு தடவை? 'பாதி எனக்குப் பத்தாது, முழுசும் கொடு'ன்னு ஒரு வார்த்தை?"

"கேட்டா கொடுத்துடுவியா?"

"கேட்டிருக்கணும்டா! சண்டை போட்டிருக்கணும்! இந்தக் கூடத்துல நின்னு என் முகத்துக்கு நேரா கத்தியிருக்கணும்! அதை விட்டுட்டு முன்பின் தெரியாதவன் காதுல என் சாவைச் சொல்லி... என் கை இடதா வலதான்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்து..."

இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பி, ஜன்னல் திரைக்கான கம்பியைக் கூர்ந்து கவனித்தார்.

பிறகு செருமினார்.

"சரி. ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடங்க. டாக்டரம்மா புகார் கொடுப்பாங்க. என் பங்குக்கு நானும் ஒண்ணு கொடுக்கணும். ஏமாந்தவன்கிற முறையில."

"சார்..." என்று முனகினான் புரோக்கர். "உங்களுக்கு இந்த வீட்டையே முடிச்சுத் தர்றேன் சார். பின் ரூம்ல சாவே இல்ல!"

"அந்த சாவியைப் பொறுக்குய்யா முதல்ல!"

புரோக்கர் குனிந்து பொறுக்கினான். இன்ஸ்பெக்டருடன் வந்திருந்த கான்ஸ்டபிள் கையை நீட்டிக் கொத்தை வாங்கிக்கொண்டார். சாவிக்கொத்து இல்லாத புரோக்கர், உறை உரித்த தலையணையைப் போல இருந்தான்.

தம்பி மட்டும் நகரவில்லை. அவன் பார்வை அக்காவின் கைப்பை மேல் இருந்தது. பழுப்புக் கவரின் ஓரம் வெளியே தெரிந்தது.

"அக்கா..."

"என்ன?"

"அந்தக் கவர்ல நீ கையெழுத்துப் போட்டிருக்கே இல்ல? பாதி விலைக்குச் சம்மதம்னு?"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "இன்னுமாய்யா உனக்கு அந்த வீடு வேணும்?"

"கேக்கறான் சார்" என்றாள் அக்கா. "இப்பவாவது வாயைத் திறந்து கேக்கறானே. கேட்டா கொடுக்கறதுதானே முறை."

கவரை எடுத்தாள். இடது கையால் நீட்டினாள்.

தம்பி அதைப் பறித்துப் பிரித்தான். படித்தான். முதல் வரியிலேயே கண்கள் நின்றுவிட்டன. மறுபடி படித்தான்.

விலைக்குச் சம்மதம் என்று அதில் ஒரு வார்த்தை கூட இல்லை.

வீட்டில் தனக்குள்ள பாதியை, அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்ட தம்பிக்கே, பைசா வாங்காமல், முழுமனதோடு விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது.

கீழே அவளுடைய கையெழுத்து. இடது கைக்காரர்களுக்கே உரிய சாய்வுடன்.

"அக்கா...! இது... எனக்கே எனக்கா? முழுசுமா? நீ முன்னாடியே..."

"ஆமாடா. இதைக் கொடுத்துட்டுப் போகத்தான் ஊர்ல இருந்து கிளம்பினேன். கொடுக்கறதுக்கு முன்னாடி, ஏன் எல்லாரும் ஓடறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு காலையில வந்தேன்."

"அக்கா, என்னை மன்னிச்சிடுக்கா! புத்தி கெட்டுப் போச்சு! நாளைக்கே பத்திர ஆபீசுக்குப் போயிடலாம். நீ வந்து நின்னாப் போதும். நானே எல்லாம் பார்த்துக்கறேன்... இது செல்லும்தானேக்கா?"

"எப்படிடா செல்லும்?"

"ஏன்? உன் கையெழுத்துதானே?"

அக்கா குடையை எடுத்து விரித்தாள். வெளியே தூறல் வலுத்திருந்தது. வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"தேதியைப் பாரு. நேத்து போட்ட கையெழுத்து. நான்தான் செத்து ஆறு மாசம் ஆச்சேடா!"